பதினாறு மாதப் படிப்பு

மார்ச் 3, காலை 6.20

அக்கா,

நீ கிளம்பிப் போய் இன்றோடு பதினோரு நாள். நான் போட்ட போன் பத்தொன்பது. நீ எடுத்தது ஒன்றுகூட இல்லை. ஊரில் யார் ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டாலும் ஓடுகிறாய். சொந்தத் தம்பி கூப்பிட்டால் மட்டும் காது அடைத்துக்கொள்கிறது. சரி, கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நான் நர்சிங் படிக்கப் போகிறேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? மேலே படி.

வழி மூன்று இருக்கிறது. நான்கு வருடப் பட்டப்படிப்பு, பள்ளி முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலிலிருந்து. மூன்று வருட டிப்ளமோ, நீ படித்தது. கடைசியாக, ஏற்கெனவே வேறொரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கான பதினாறு மாதப் படிப்பு. முடிவில் நான்கு வருடக்காரர்களுக்குக் கொடுக்கும் அதே பட்டம்தான். எனக்கு ஒத்துவருவது இதுதான். ஆனால் வேதியியல் மதிப்பெண் ஏழு வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். என்னுடையது இன்ஜினியரிங் முதல் வருடத்தில் வாங்கியது. இந்த வருடத்தோடு ஏழு முடிகிறது. அடுத்த வருடம் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உடற்கூறியல் பாடத்தைப் போன வருடமே மாலை வகுப்பில் முடித்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 16, மாலை ஐந்து மணிக்குள் நானே நேரில் போய் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு படிவம். நான் ஒரு நோயாளியைக் கவனித்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்த நர்ஸ் யாராவது அதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவை நான் கவனித்துக்கொள்வதைப் பார்த்த நர்ஸ் நீ ஒருத்திதான். படிவத்தை உள்ளே வைத்திருக்கிறேன்.

ஏன் இந்தப் புத்தி என்று கேட்பாய். போன ஆகஸ்ட் மாதம் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பரிசோதிக்கப் போயிருந்தேன். இரண்டாவது மாடியில் ஒரு நோயாளியைத் தள்ளுகட்டிலோடு ஏற்றினார்கள். கூட ஒரு நர்ஸ். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. கதவுப் பூட்டில் ஒரு சின்னத் தகடு தொடவில்லை, அவ்வளவுதான். எந்தத் தகடு, எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது வெளியே இருக்கிறது, நான் உள்ளே இருக்கிறேன். நர்ஸ் கையால் ஒரு காற்றுப்பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கை ஓய்ந்ததும், “நீங்க பிடிங்க. நான் சொல்றப்ப அமுக்குங்க, சொல்றப்ப விடுங்க” என்றார். நாற்பத்தேழு நிமிடம். அதில் நான் அழுத்தியது முந்நூற்றுப் பன்னிரண்டு முறை. கதவு திறந்ததும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் போய் விசாரித்தேன். சொந்தக்காரர்களுக்குத்தான் சொல்வோம் என்றார்கள். இன்று வரை என்ன ஆயிற்று என்று தெரியாது. அன்றிலிருந்து எனக்கு லிஃப்டில் மனசு இல்லை.

அப்பாவின் காலுறையைக் கழற்றிப் பார்த்ததிலிருந்து நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அதையும் இதையும் போட்டுக் குழப்பாதே. அது வேறு, இது வேறு.

படிவத்தை இருபதாம் தேதிக்குள் அனுப்பு.

தம்பி

•

மார்ச் 9, டியூட்டி அறை

டேய்,

படிவம் வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன்.

அது வேறு, இது வேறு என்கிறாய். அதுதான் இது. உனக்கு அது புரியாத வரைக்கும் நான் பேனாவைத் திறக்க மாட்டேன்.

நான் உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது சுவரில் உன் அட்டவணையை. அப்பாவை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்ததற்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டிக். ஒரு கட்டம் காலி இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு காலுறையைக் கழற்றினேன். வலது குதிகாலில் கோட்டுப் பொத்தான் அளவுக்குக் கறுப்பு. சர்க்கரை உள்ள மனிதர், பக்கவாதம் வேறு. அந்தப் பக்கம் முழுக்க உணர்ச்சி இல்லை, வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “டைம் ஒன்னுகூட மிஸ் ஆகலக்கா, வேணும்னா சார்ட்டைப் பாரு.” அதற்குப் பிறகு உன்னிடம் என்ன பேசச் சொல்கிறாய்?

உன் லிஃப்ட் கதையைப் படித்தேன். நீ சரியாகத்தான் அழுத்தியிருப்பாய். எப்போது அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்று ஒருத்தி பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாளே. அவள் பையைப் பார்க்கவில்லை, நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீ எத்தனை முறை என்று எழுதியிருக்கிறாய். எந்தத் தகடு என்று எழுதியிருக்கிறாய். படுத்திருந்தது ஆணா பெண்ணா என்று ஒரு வரி இல்லை.

பதினாறு மாதமாம். நல்லது. பன்னிரண்டு வருடமாக இந்த வார்டில் இருக்கிறேன். முப்பத்திரண்டு படுக்கைக்கு நானும் இன்னொரு பெண்ணும். வார்டு பொறுப்புக்குப் பட்டம் வேண்டும் என்று போன மாதம் புது விதி வந்திருக்கிறது. என்னிடம் இருப்பது டிப்ளமோ. நீ பதினாறு மாதம் படித்துவிட்டு இங்கேயே வந்தால் நான் உனக்கு “குட்மார்னிங் சார்” சொல்ல வேண்டியதுதான்.

அம்மா இறந்த வருடம் எனக்குப் பதினெட்டு, உனக்குப் பதினொன்று. கல்லூரியில் கணக்குப் பாடத்துக்கு இடம் கிடைத்திருந்தது. சீக்கிரம் வேலை கிடைக்கிற படிப்பாக இருக்கட்டும் என்றார் அப்பா. அன்றைக்கு எந்தப் படிப்பு என்று என்னிடம் யாரும் மூன்று வழி சொல்லவில்லை.

இது கையெழுத்துக்குக் காரணம் இல்லை. எழுத வேண்டும் போல இருந்தது, எழுதினேன்.

குதிகால் எதன் மீதும் படக்கூடாது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வை, குதிகால் காற்றில் தொங்கட்டும். கறுப்பைக் கிள்ளாதே, சுரண்டாதே, ஊறவைக்காதே. காய்ந்திருக்கும் வரை அது மூடி மாதிரி. ஈரமானாலோ நாற்றம் வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதே.

அக்கா

•

மார்ச் 14, மதியம் 1.05

அக்கா,

ஆண். அறுபது வயது இருக்கலாம். காதில் பஞ்சு வைத்திருந்தார். முகம் ஞாபகம் இல்லை. இருக்கிறது என்று பொய் எழுத வரவில்லை.

இனி என் பங்கு. அப்பா வீட்டுக்கு வந்ததிலிருந்து நீ வந்த நாள் வரை தொண்ணூற்றெட்டு நாள். நாளைக்குப் பன்னிரண்டு முறை. ஆயிரத்து நூற்று எழுபத்தாறு தரம் புரட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் ‘இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பவும்’ என்றுதான் இருந்தது. காலுறையைக் கழற்றிப் பார் என்று எங்கே இருந்தது? குளிருமே என்று மாட்டினேன். துடைத்துவிடும்போது கணுக்கால் வரைக்கும் துடைத்தேன். இயந்திரத்துக்கு ஒரு பராமரிப்புத் தாள் கொடுத்தால் அதில் இருப்பதைச் செய்வார்கள், இல்லாததை எப்படிச் செய்வார்கள் என்று கேட்கலாம் என்றிருந்தேன். எழுதிப் பார்த்ததும் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அடித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை. அப்படியே இருக்கட்டும்.

வாரம் இரண்டு நாள், ஒரு தரம் புரட்டிவிட்டு அடுத்த தரத்துக்குள் திரும்புகிற மாதிரி நான் லிஃப்ட் பார்க்கப் போகும்போது அப்பாவோடு உட்காருகிறாரே, பக்கத்து வீட்டு ரிட்டையர்டு கண்டக்டர், அவரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நியாயம் கேட்கலாம் என்று. அந்த ஆள் என்ன சொன்னார் தெரியுமா?

“பஸ்ஸு டைமுக்கு ஸ்டாப்புல நின்னா போதுமா தம்பி? ஆளு இறங்கிட்டானான்னு திரும்பிப் பாத்துட்டுல்ல விசில் அடிக்கணும்? நீ நின்னதும் அடிச்சிட்ட.”

“அப்ப நீங்க மட்டும் பாத்தீங்களா? நீங்களும்தானே பக்கத்துல உக்காந்திருந்தீங்க?”

“நான் பாக்கல. அதான் எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல.”

அப்பா இடது கையால் கட்டிலைத் தட்டினார். சத்தம் போடாதீர்கள் என்று அர்த்தமா, சிரிக்கிறாரா, தெரியவில்லை.

ஒன்று மட்டும் நேராகக் கேட்கிறேன். நான் பட்டம் வாங்கி உனக்கு மேலே வந்துவிடுவேன் என்பதுதானே உண்மையான காரணம்? பாதிக் கடிதம் அதுதான். காரணம் இல்லாமல் இரண்டு பத்தி எழுதுகிற ஆள் நீ இல்லை.

தலையணை வைத்துவிட்டேன். கறுப்பு 31 மில்லிமீட்டர் நீளம், 26 அகலம்.

தம்பி

•

மார்ச் 20

தம்பி,

ஆமாம். அதுவும்தான்.

நீ கேட்டதும் ஆறு நாள் யோசித்தேன். டிப்ளமோக்காரர்கள் மேலே படித்துப் பட்டம் வாங்க இரண்டு வருடப் படிப்பு ஒன்று இருக்கிறது. அதற்கான விண்ணப்பத்தை இரண்டு தரம் நிரப்பியிருக்கிறேன். முதல் தரம் வார்டில் ஆள் இல்லை, விடுப்பு கிடையாது என்றார்கள். இரண்டாவது தரம் போன நவம்பர். அப்பா விழுந்தார். நீ ‘நான் பார்த்துக்கறேன், நீ வேலையை விடாதே’ என்றாய். வேலையை விடவில்லை. படிக்கவும் போகவில்லை. அதற்குள் நீ மாலை வகுப்பில் உடற்கூறியலை முடித்துவிட்டாய் என்று இப்போது எழுதுகிறாய். எனக்கு எரியத்தான் செய்தது. எரிகிறபோது ஒருவனைப் பற்றிச் சரியாக எழுத வருமா? மாட்டேன் என்று எழுதினால் பொறாமையா, போடுகிறேன் என்று எழுதினால் பாசமா என்று எனக்கே தெரியாது. அதனால்தான் படிவத்தை லாக்கரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

31க்கு 26 என்று எழுதியிருக்கிறாய். நான் இங்கே இருந்துகொண்டு அதை வைத்து என்ன செய்ய? சுற்றிலும் சிவப்பா, வெளுப்பா? ஓரம் தூக்குகிறதா? தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? பார்க்கும்போது அப்பா என்ன செய்கிறார்? ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு எழுது.

வேறு யாராவது இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். யாரும் இல்லை. விடுப்பு கேட்டிருக்கிறேன். ஏப்ரல் பதினெட்டுக்கு முன்னால் முடியாது என்கிறார்கள். நாளெல்லாம் முப்பத்திரண்டு பேர் குதிகாலைத் தூக்கிப் பார்க்கிறேன். நம் வீட்டில் ஒன்று இருக்கிறது, அதை உன் எழுத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது.

அக்கா

•

மார்ச் 28, மாலை 5.30

அக்கா,

ஸ்கேல் இல்லாமல் எழுதுகிறேன். சரியாக வருமா தெரியவில்லை.

கறுப்பு காய்ந்த தோல் செருப்பு மாதிரி கெட்டியாக இருக்கிறது. ஆனால் உள்பக்க ஓரத்தில் ஒரு நூல் அளவுக்குத் தூக்கியிருக்கிறது. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு. அழுத்தி எடுத்தால் வெளுக்கவில்லை. இடது காலைவிட இங்கே சூடு அதிகம். நாற்றம் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். மூன்று முறை முகர்ந்து பார்த்தேன், அதற்குப் பிறகு என் மூக்கை நானே நம்பவில்லை.

நீ கேட்டாயே, அப்பா என்ன செய்கிறார் என்று. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்தேன். அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வலியில் பார்க்கிற மாதிரி இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் உட்கார்ந்திருப்பேனே, அப்போது திட்டாமல் வாசலில் நின்று பார்ப்பாரே, அப்படி. எத்தனை நாளாக இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். மாத்திரை கொடுத்து, பத்து நாள் பார்க்கலாம் என்றார். கூட வந்த கண்டக்டர், “பத்து நாளு நாங்க பாக்குறதா, நீங்க பாக்குறதா?” என்று கேட்டார். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இன்னொன்று. மறைக்கப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். அந்த லிஃப்ட் நர்சைத் தேடிப் போனேன். என்னை அடையாளம் தெரிந்தது. “முந்நூத்திப் பன்னண்டு சாரா?” என்றார். அன்றைக்கு நான் கதவு திறந்ததும் அந்த எண்ணைத்தான் சொன்னேனாம். படிவத்தை அங்கேயே நின்று நிரப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாவற்றிலும் ‘மிக நன்று’. உன் கையெழுத்து இல்லாமலே போகலாம்.

அவரிடம் அந்த மனிதர் என்ன ஆனார் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

தம்பி

•

ஏப்ரல் 4, வார்டு

தம்பி,

முதலில் கால். ஓரம் தூக்கி, சிவந்து, வெளுக்காமல் இருந்தால் பத்து நாள் காத்திருக்காதே. இந்தக் கடிதம் வரும்போது அது இன்னும் பெருத்திருக்கும். போனில் சொல்ல வேண்டியது, உன் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை; ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அறுவை டாக்டர் பார்க்க வேண்டும் என்று சண்டை போடு. உனக்குச் சண்டை போடத்தான் வருமே.

இனி படிவம். நிரப்பிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மூடி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒட்டவில்லை. படித்துவிட்டு ஒட்டு.

குதிகாலை எழுதியிருக்கிறேன். தொண்ணூற்றெட்டு நாள் ஒரு முறைகூடத் தவறாமல் புரட்டினார், ஒரு முறைகூடக் காலுறையைக் கழற்றிப் பார்க்கவில்லை என்று அப்படியே. கடைசிக் கேள்வி, ‘இவர் பொறுப்பில் ஒரு நோயாளியை விட்டுவிட்டு நீங்கள் அறையிலிருந்து வெளியே போவீர்களா?’ பதில் எழுத இரண்டு டியூட்டி ஆயிற்று. ‘இன்று போக மாட்டேன். ஆனால் தவறை மறைக்காமல் எழுதிக் காட்டுகிறார். கற்றுக்கொடுத்தால் கற்பார்’ என்று எழுதினேன். இதைக் கொடுத்தால் இடம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். இதைவிட நல்லதாக எழுத வரவில்லை. லிஃப்ட் நர்ஸ் எழுதியதும் பொய் இல்லை. அவர் பார்த்தது நாற்பத்தேழு நிமிடம், அதை எழுதியிருக்கிறார். எதைக் கொடுப்பது என்பது உன் பாடு.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீ பத்தொன்பது போன் போட்டபோது நான் எடுக்காததற்குக் காரணம் உன் மேல் கோபம் மட்டும் இல்லை. ஜனவரியில் ஒரு நாள் வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? காலையில் வந்து மாலையில் கிளம்பினேன். அப்பாவுக்கு நகம் வெட்டினேன், கை நகம் மட்டும். தலை வாரிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் பிடித்த கிரிக்கெட் போட்டுக் காட்டினேன். போர்வையைத் தூக்கவில்லை. ஒரே ஒரு நாள், நர்ஸாக இல்லாமல் மகளாக மட்டும் இருந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. அப்போது வெறும் சிவப்பாகத்தான் இருந்திருக்கும். ஒரு தலையணையோடு போயிருக்கும்.

நீ பார்க்கத் தெரியாமல் பார்க்கவில்லை. நான் தெரிந்துகொண்டே பார்க்கவில்லை. படிவத்தில் அதை எழுத இடம் இல்லை.

பதினெட்டாம் தேதி காலை வண்டியில் வருகிறேன்.

அக்கா

•

ஏப்ரல் 16, பிற்பகல் 3.40, அறுவை அரங்குக்கு வெளியே

அக்கா,

காலையில் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தாய். நான் சொல்லி முடித்ததும் “கையெழுத்துப் போடு” என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாய். போட்டுவிட்டேன். போனில் சொல்லாத மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே, எட்டாம் தேதி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தேன். சண்டையும் போட்டேன். ஊசி மருந்து ஏற்றினார்கள், இரண்டு முறை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். நேற்று ஜுரம் ஏறியது. டாக்டர் சின்னப் பெண், உன் வயதுகூட இருக்காது. “எலும்பு வரைக்கும் போயிடுச்சு. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். தள்ளிப் போட்டா உயிருக்கு ஆபத்து” என்றாள். வேறு வழி என்று மூன்று விதமாகக் கேட்டேன். மூன்று முறையும் பொறுமையாக இல்லை என்றாள்.

இரண்டே முக்காலுக்கு உள்ளே கொண்டு போனார்கள். ஐந்து மணிக்கு விண்ணப்ப அலுவலகம் மூடுகிறது. இங்கிருந்து நாற்பது நிமிடம். பையில் இரண்டு படிவமும் இருக்கின்றன. கண்டக்டர் என்னைப் பிடித்துத் தள்ளினார்.

“நான் உக்காந்திருக்கேன், நீ ஓடு. குடுத்துட்டு வந்துடு. அதுக்குள்ள கதவே திறக்காது.”

“கூப்பிட்டாங்கன்னா?”

“நான் எந்திரிச்சுப் போறேன்.”

“நீங்க யாருன்னு கேப்பாங்க.”

“கேட்டா பக்கத்து வீடுன்னு சொல்றேன். என்னடா இது, டிக்கெட்டா கேக்கப் போறாங்க?”

அவர் சொன்னது சரிதான். போய்விட்டு வந்திருக்கலாம். கீழே இறங்கி வாசல் வரைக்கும் போனேன். ஆட்டோகூட நின்றது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அப்பா இடது கையால் என் சட்டையைப் பிடித்திருந்தார். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டு, “இங்கதான்பா இருப்பேன்” என்று சொல்லியிருந்தேன். ஆட்டோவை அனுப்பிவிட்டேன். படி ஏறி வந்தபோது கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே. போயிருந்தால் எந்தப் படிவத்தைக் கொடுத்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. வாசலில் நின்றபோது என் கை எடுத்தது லிஃப்ட் நர்சுடையதைத்தான்.

ஜனவரியைப் பற்றி எழுதியிருந்தாய். உன்னை மன்னிக்க நான் யார்? என்னை மன்னிக்க நீ யார்? மன்னிக்க வேண்டியவர் உள்ளே படுத்திருக்கிறார். அவருக்குப் பேச்சு வராது.

இனி நான் செய்யப் போவது:

1. கதவு திறக்கும் வரை இந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

2. அப்பா கண் விழித்ததும் கால் இல்லை என்பதை நானே சொல்வேன். அவர் தானாகத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட மாட்டேன்.

3. மிச்சமிருக்கிற காலைத் தினம் காலையிலும் மாலையிலும் பார்ப்பேன். டிக் அடிக்க மாட்டேன்.

4. பதினாறு மாதப் படிப்பு முடிந்த கதை. ஏப்ரல் 30க்குள் மூன்று வருட டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போடுவேன். நுழைவுத் தேர்வு மட்டும்தான், வேதியியல் எத்தனை வருடம் பழசு என்று கேட்க மாட்டார்கள். முடித்தாலும் வார்டு பொறுப்பு கிடைக்காது. தெரிந்துதான் போடுகிறேன்.

5. நாளை மறுநாள் நீ வந்ததும் உன் இரண்டு வருடப் படிப்பைப் பற்றிக் கேட்பேன். கேட்க உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று திட்டுவாய். வாங்கிக்கொள்வேன்.

6. நானும் படிக்கப் போய், நீயும் படிக்கப் போனால், பகலில் அப்பாவை யார் பார்ப்பது? கண்டக்டருக்கு ஜூனில் கண் ஆபரேஷன். பிறகு மகள் வீட்டோடு போகிறார். ஆறு என்று எண் போட்டுவிட்டுக் கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுத ஒன்றும் வரவில்லை.

தம்பி